எழுபத்தொன்றாம் நிமிடம்

சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.
இடது தொடையின் பின்பக்கம்
ஈரத்துணியை யாரோ கிழித்ததுபோல், சின்னதாய்.
பைசாண்டூ மைதானத்தில் அன்று
நானூறு பேர் இருந்திருப்பார்கள்,
அத்தனை கண்ணும் பந்தின் மேல்.
கோட்டோரம் கொடியோடு ஓடுகிறவளை
யார் பார்க்கப்போகிறார்கள்?

விழும்போது கை மேலே போயிற்று.
கையில் கொடி இருந்தது.
நடுவர் விசில் ஊதினார்.
வலைக்குள் கிடந்த பந்து
செல்லாக்காசு ஆயிற்று.

எல்பியோ ஆஃப்சைடில் நின்றானா
என்று என்னைக் கேட்காதீர்கள்.
அந்த நொடி நான்
புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதிக்குப் பாதி அறுந்திருக்கிறது என்றாள்
படத்தை வெளிச்சத்தில் பிடித்த டாக்டர்.
தைக்கத் தேவையில்லை, தானே சேரும்,
அவசரப்பட்டால் அதே இடத்தில் மறுபடி விடும்.
ஐஸ் பை, இறுக்கிச் சுற்றிய பட்டி,
இரண்டு ஊன்றுகோல்.
மூன்றாம் நாள் ரத்தம் கீழே இறங்கி
முழங்கால் மடிப்பில் தேங்கியது,
கத்தரிக்காய் நிறத்தில்.
பிறகு பச்சை. பிறகு பழைய காகிதத்தின் மஞ்சள்.
என் உடம்பில் நான் பார்த்தே இராத இடம் அது;
இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

தும்மலுக்குப் பயந்து
சமையலில் மிளகை நிறுத்தினேன்.
நாற்காலி என்பது எவ்வளவு கடினமான பொருள்
என்று அப்போது தெரிந்தது.

ஆற்றுப் பாலத்துச் சுங்கச்சாவடியில் எனக்கு வேலை.
அர்ஜென்டினாவிலிருந்து வரும் லாரிகளை
நின்றபடியே எண்ணினேன், ஒரு மாதம்.
மாலையில் வில்மாரின் சிகிச்சை அறை.
முதலில் குதிகாலைப் படுக்கையில் அழுத்திப்
பத்து எண்ணுவது மட்டும்.
பிறகு இடுப்பைத் தூக்கிப் பாலமாக நிற்பது.
பகலெல்லாம் பாலத்தில் நின்றவள்
இரவில் பாலமாகக் கிடந்தேன்.

"வலிக்குப் பத்தில் எத்தனை மார்க், நெலிடா?
மூன்று வரை செய்யலாம். நான்கு என்றால் நிறுத்து."
நாலரையை மூன்று என்பேன்.
மாத்தேயை உறிஞ்சியபடி என் முகத்தைப் பார்த்து
அவனே ஒன்றரை கூட்டிக்கொள்வான்.

ஐந்தாம் வாரம்
பக்கத்துப் படுக்கையில் எல்பியோ.
கணுக்கால் வீக்கம், காதில் ரொட்டி மாவு.
விடியற்காலை ரொட்டி வண்டி ஓட்டுகிறவன்.
கோபம் இல்லை அவனிடம். அதுதான் கஷ்டம்.
"ஒரு சாண் முன்னாடி இருந்திருப்பேன், இல்ல?" என்றான்.
"தோள்பட்டையா? முட்டியா?
ராத்திரி படுத்தா அதையேதான் ஓட்டிப் பாக்குறேன்."

பாலம் போட்டபடியே சொன்னேன்:
நான் பார்க்கவில்லை.
வலியில் தூக்கிய கை அது.

ஐஸ் உருகும் சத்தம்கூடக் கேட்டது.
"ஊர்ல நாலு பேர் அப்படித்தான் சொன்னாங்க," என்றான்,
"நான்தான் நம்பல."
ஒற்றைக் காலில் துள்ளி செருப்பைத் தேடினான்.
அதற்கப்புறம் தன் முறையைச்
செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொண்டான்.

"எத்தனை?" என்றான் வில்மார்.
ஏழு என்றேன்.
அவன் எதையும் கூட்டவில்லை.

ஒட்டிய தசை முதலில் நீள மறுக்கும்.
புதுச் சதைக்கு நீளம் தெரியாது,
இழுத்து இழுத்துத்தான் பழக்க வேண்டும்.
மண்டியிட்டு, கணுக்கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள,
முகம் தரையை நோக்கி
மெல்ல மெல்லச் சாய்வது ஒரு பயிற்சி.
விழுவதைத் தாமதப்படுத்துவது, அவ்வளவே.
இரண்டு விநாடியில் விழுந்தேன் முதல் நாள்.
ஒன்பதாம் வாரம், ஆறு.

லீக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
முடிவு மாறாது என்று பதில் வந்தது,
முத்திரையோடு.

பன்னிரண்டாம் வாரம் மறுபடி கோட்டோரம்.
பக்கவாட்டில் ஓட்டம், சட்டென்று திரும்பல்,
மழை நின்ற புல்.
வேலிக்கு அப்பால் யாரோ
என் பெயரோடு ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்தார்கள்.
எல்பியோவின் குரல் இல்லை.
அவனுடைய குரலாக இருந்திருக்கலாம்.

கொடியைக் கீழே பிடித்து ஓடுகிறேன்.
கிழிந்த இடம் எப்போதும் எனக்குப் பின்னால்.
பத்தில் ஒன்று.
ஈரமான நாட்களில்
ஒன்றரை.